வேனின் இரண்டாவது பேட்டரி

போன மாதம் தம்புள்ளைப் பக்கமிருந்து ஓர் இளம் கணவனும் மனைவியும் என்னைத் தேடி மாத்தளைக்கு வந்தார்கள். பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, சின்னக் குளிர்ப்பெட்டி எல்லாம் பூட்டி வீடாக்கியிருந்தார்கள். லீவு கிடைக்கும்போதெல்லாம் அதிலேயே தங்கி நாட்டைச் சுற்றப் போகிறார்களாம். நான் கடையை மூடி வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் வயரிங் வேலை என்றால் டவுனில் இன்னும் சிலர் என் வீட்டைக் கைகாட்டி விடுகிறார்கள்.

"லைட்டு, ஃபேன், ஃபோன் சார்ஜ் எல்லாத்தையும் எஞ்சின் பேட்டரியிலயே எடுத்திருக்கோம் அங்கிள். ஒரு பேட்டரி போதும்தானே?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

போதாது என்றேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணும் பேட்டரி வேறு, உள்ளே குடியிருப்பதற்கு வேண்டிய பேட்டரி வேறு. இரண்டுக்கும் தனித்தனி வயர் போக வேண்டும், நடுவில் ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும், பேட்டரிப் பெட்டிக்குக் காற்றோட்டம் வேண்டும். கையோடு வைத்திருக்க வேண்டிய சாமான்களையும் சொன்னேன்: டேர்மினல் நட்டுக்குச் சரியான ஸ்பானர், டெஸ்ட் பல்பு, ஃபியூஸ், நல்ல குறடு, இரண்டு முனையிலும் கிளிப் பூட்டிய தடித்த வயர். அந்தக் கிளிப் வயரைப் பற்றி நான் திரும்பத் திரும்பச் சொன்னேன் போலிருக்கிறது. பையன் சிரித்துவிட்டான்.

"கிளிப் இல்லாட்டி என்ன அங்கிள், அவசரத்துக்குக் கையால புடிச்சா போச்சு."

நான் கையால் பிடித்திருக்கிறேன். அதை அவர்களிடம் சொல்லவில்லை. ஊர் சுற்றப் புறப்படும் பிள்ளைகளிடம் சொல்லக்கூடிய கதையில்லை அது. ஆனால் அவர்கள் போன பிறகு மனம் அதிலேயே நின்றுவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். பெயர் சுப்பிரமணியம். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேலைக்கு நின்ற என் அப்பா, மூத்தவனாவது மலையை விட்டு இறங்கட்டும் என்று மாத்தளை டவுனில் ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டார். கராஜ் நடத்தியவர் ஒரு சிங்களவர். எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். பின்பக்கத்து பேட்டரி அறையில் என்னைப் போட்டார். அசிட் தெறித்து உடுப்பெல்லாம் ஓட்டை விழும். தண்ணீரில்தான் அசிட்டை ஊற்ற வேண்டும், அசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரிக்குப் பக்கத்தில் பீடி பற்றவைக்கக் கூடாது. இப்படிப் பாதியை அடிவாங்கியும் மீதியைப் பார்த்தும் கற்றேன். அந்தக் காலத்து பேட்டரி கறுப்பு ரப்பர் பெட்டி. மேலே தார் ஊற்றி அடைத்திருக்கும். ஆறு செல்களையும் இணைக்கும் ஈயப் பட்டைகள் வெளியில் தெரியும். முதல் சார்ஜ் நான் ஏற்றிக்கொடுக்கும் பேட்டரி எதுவானாலும், நடுப் பட்டையில் ஆணி முனையால் முக்கோணமாக மூன்று புள்ளி குத்திவிடுவேன். வேறு கராஜ்களில் பேட்டரியை மாற்றிவிட்டு எங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள் என்பதால் பாஸ் பழக்கிய வழக்கம் அது.

எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோனது. புது பேட்டரி என்பது பார்க்கக் கிடைக்காத பொருளாயிற்று. பழைய பேட்டரியை உடைத்து, தகடுகளைக் கழுவி, ஆகாதவற்றை எடுத்துவிட்டு, மற்றொன்றின் தகடுகளைச் சொருகித் தார் ஊற்றி விற்றோம். அது எத்தனை நாள் உழைக்கும் என்று செய்தவனாலும் சொல்ல முடியாது. கராஜில் வேலை குறைந்து ஆட்களை நிறுத்தியபோது நானும் வெளியே வந்தேன். அப்போதுதான் தோட்ட மக்களுக்காக நடமாடும் மருந்தகம் ஒன்றை நடத்திய ஒரு தர்மச் சங்கத்தில் எனக்கு வேலை கிடைத்தது.

அந்த மருந்தகம் ஒரு நீண்ட வேன். கிழமைக் கணக்கில் அதிலேயே இருப்போம். உள்ளே எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள். பகலில் நோயாளிகளுக்கு, இரவில் டாக்டரும் நர்ஸ் மிஸியும் படுக்க. நடுவில் மடக்கும் மேசை. பின்னால் மருந்து அலுமாரி. டிரைவர் ஜமால்தீன் நானாவும் நானும் வெளியே கூடாரத்தில், மழையென்றால் முன் சீட்டில். நானா என்றால் அண்ணன். அவர் மாத்தளை டவுன்காரர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். எவ்வளவு நல்ல இடம் கிடைத்தாலும் வேனின் மூஞ்சி இறக்கத்தைப் பார்த்தபடிதான் நிறுத்துவார். "மலையில வண்டிய நிப்பாட்டுறவன் பேட்டரிய நம்பப்படாது மணி. இறக்கத்த நம்பு," என்பார்.

எங்களுக்கு மேலே டாக்டரம்மா. யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணமாகாதவர், ஐம்பதை நெருங்கியவர். முதல் நாள் என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. வேனுக்குள் கூப்பிட்டு ஜன்னல்களை மூடச் சொன்னார். ஹெட்லைட் ஒன்றை வளையும் குழாயில் பூட்டி மேசைக்கு மேலே தொங்கவிட்டிருந்தார்கள். அதுதான் அந்த வேனின் ஒரே நல்ல வெளிச்சம். அதைப் போட்டு, சின்ன மருந்துக் குப்பி ஒன்றை அதன் கீழே பிடித்தார்.

"வாசியும்."

லேபிளின் அடியில் எறும்பு போல எழுத்து. தட்டுத்தடுமாறி வாசித்தேன்.

"ஒவ்வொரு நாளும் காலையில நான் இதை வாசிப்பன். வாசிக்க ஏலாட்டி வான் வெளிக்கிடாது. அது உம்மட பொறுப்பு. விளங்குதோ?"

"விளங்குதுங்க டாக்டரம்மா."

"சரி. இப்ப பேரைச் சொல்லும்."

வேனை அவர் வான் என்பார், வெளிக்கிடாது என்றால் புறப்படாது. அந்தச் சோதனை ஒரு நாளும் தவறியதில்லை. அவர் கோபப்பட்டுக் கத்தி நான் கேட்டதில்லை. பாராட்டியும் கேட்டதில்லை. வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பெண்ணின் கீழ் இமையையும் இழுத்துப் பார்ப்பார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெள்ளைக் காகிதம் போல இருக்கும். தோட்டங்கள் கைமாறிக்கொண்டிருந்த காலம். வேலை நாட்களை வெட்டியிருந்தார்கள், மாவும் அரிசியும் கிடைக்கவில்லை. காட்டுக் கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்றுவிட்டு மலையேறினார்கள். டாக்டரம்மா எழுதிக்கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு, "வெறும் வயித்துல முழுங்கலாங்களா?" என்று கேட்பார்கள். அவர் அடுத்த ஆளின் இமையை இழுத்துப் பார்ப்பார்.

லைட்டுக்கான பேட்டரி எஞ்சின் பேட்டரியோடு சேராதது. பெஞ்சுக்கு அடியில் ஒரு மரப்பெட்டியில் இருந்தது. நான் சேரும்போதே அது சாகும் நிலையில்தான் இருந்தது. டாக்டரம்மா பலமுறை கேட்டபின், சங்கம் எங்கேயோ பெர்மிட் வாங்கி ஒரு புது பேட்டரி எடுத்துத் தந்தது. அதைப் பழைய பாஸின் அறைக்கே கொண்டுபோய் அசிட் நிரப்பி, சூடேறாமல் மெல்ல மெல்ல முதல் சார்ஜ் ஏற்றினேன். என் மூன்று புள்ளியையும் குத்தினேன். மறுநாள் அதைப் பூட்டி லைட்டைப் போட்டபோது டாக்டரம்மா குப்பியை எட்ட வைத்தே வாசித்தார்.

சில மாதங்கள் நன்றாகப் போயின. பிறகு என் சின்னம்மா குடும்பம், இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி, இந்தியாவுக்கே திரும்பிப் போவதற்காகப் புறப்பட்டது. அவர்களைக் கப்பலேறும் தலைமன்னார்வரை கொண்டுபோய் விட லீவு எடுத்தேன். அந்த நாட்களில் வேன் பிரேக் வேலைக்காகச் சங்கத்தின் காரியாலயத்தில் நின்றிருந்தது. நான் திரும்பி வந்தபோது பெஞ்சுக்கு அடியில் இருந்தது வேறு பேட்டரி. தார் புதிது, பெட்டி பழையது. மறுபடி கட்டிய சாமான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"புதுசுல ஏதோ பழுதாம். கம்பனிக்குத் திருப்பி அனுப்பிட்டாங்களாம். அது வரும்வரைக்கும் இத வெச்சு ஓட்டுங்கன்னு சங்கத்துச் செக்ரட்டரி ஐயா சொன்னாரு," என்றார் நானா.

"அதுல ஒரு பழுதும் இல்ல நானா."

"நானும் அதத்தான் சொன்னேன். டிரைவர் சொல்லி யாரு கேக்குறா?"

ஒவ்வொரு செல்லிலும் அசிட்டின் கனம் காட்டும் குழாயை விட்டுப் பார்த்தேன். ஐந்து பரவாயில்லை. ஓரத்தில் இருந்தது எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறவில்லை. டாக்டரம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவரும் காரியாலயத்துக்குச் சொல்லி அனுப்பினார். பொறுங்கள் என்று பதில் வந்தது. அன்று முதல் பகலில் லைட்டைப் போடவே மாட்டார். கதவைத் திறந்து வைத்து, வாசல் வெளிச்சத்தில் நோயாளியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "அவசரத்துக்கு மிச்சம் பிடிக்கிறன்," என்பார்.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில் நின்றிருந்த நாள் அது. காலையிலிருந்தே மழை. மதியம் தாண்டியதும் மேகம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைவரை இறங்கிவிட்டது. எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. அப்போது நான்கு பேர் ஒரு கட்டிலைத் தூக்கிக்கொண்டு லயத்திலிருந்து ஓடிவந்தார்கள். மேலே, கொழுந்து பறிப்பவர்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கு போர்த்தியிருந்தது. பக்கத்தில் ஒருவன் தலையில் அடித்துக்கொண்டே வந்தான்.

"புள்ள பொறந்திருச்சுங்க. ரத்தம் நிக்கலைங்க. மருத்துவச்சியால முடியலைங்க."

அவன் பெயர் செல்லையா. கட்டிலில் கிடந்தவள் அவன் மனைவி அஞ்சலை. காலையில் நாங்கள் வேனை நிறுத்தும்போது, நிறைமாதத்தோடு வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றவள். இரண்டு நாளாக மாவு இல்லை என்று மிஸியிடம் சொல்லிச் சிரித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மிஸி தன் பாண் ரொட்டியில் பாதியைக் கொடுத்திருந்தார்.

அவளை மேசைக்கு ஏற்றினார்கள். டாக்டரம்மா பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உள்ளுக்குக் கிழிஞ்சிருக்கு. இப்பிடியே கொண்டுபோனா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேராது. இங்கேயே தைக்க வேணும். லைட்டைப் போடும்."

போட்டேன். நல்ல வெள்ளை வெளிச்சம் வந்தது. திரையை இழுத்துவிட்டு நான் முன் சீட்டுப் பக்கம் போனேன். நானா வெளியே ஆட்களைத் தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் டாக்டரம்மா மிஸியிடம் ஒவ்வொன்றாகக் கேட்பதும், தட்டில் ஆயுதம் விழும் சத்தமும் கேட்டன. அஞ்சலை முனகிக்கொண்டிருந்தாள். எங்கோ லயத்தில் அந்தப் பிள்ளை அழுதது.

திரையின் மேல் விழுந்த வெளிச்சம் மஞ்சளானது. நான் எழுவதற்குள் சிவப்பாகிவிட்டது.

"சுப்பிரமணியம்."

குனிந்து பெட்டியைத் திறந்தேன். ஓரத்துச் செல் கொதிக்கிற தண்ணீர் போல நுரைத்துக்கொண்டிருந்தது. அதோடு அந்த பேட்டரியின் கதை முடிந்தது.

"பேட்டரி போயிட்டுதுங்க. எஞ்சின்ல இருந்து இழுக்கிறேன்."

"இழும். கெதியா."

மிஸி டார்ச்சைப் பிடித்தார். டார்ச் பேட்டரியும் அந்தக் காலத்தில் கிடைக்காத சாமான்தான். மின்மினிப் பூச்சி போல இருந்தது. யாரோ வெளியிலிருந்து அரிக்கன் விளக்கை நீட்டினார்கள். "காணாது, காணாது, எனக்கு இடம் தெரியேல்லை," என்று டாக்டரம்மா சொன்னார். அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன்.

எஞ்சின் பேட்டரி டிரைவர் சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி எறிந்தேன். வயர்ச் சுருளை இழுத்துப் பின்னால் லைட்டின் முனைவரை விட்டேன். ரப்பரைப் பல்லாலேயே கடித்து உரித்து முறுக்கினேன். இந்தப் பக்கம் டேர்மினலில் மாட்ட கிளிப் இல்லை. கிளிப்பும் கடையில் கிடைக்காத காலம். நட்டைக் கழற்றி வயரைச் சொருகலாம் என்றால் அது பச்சைக் களிம்பேறி இறுகிக் கிடந்தது. ஸ்பானர் வழுக்கியது. அதோடு மல்லுக்கட்ட நேரமில்லை. ஒரு வயரை வேனின் உடம்பில் இருந்த போல்ட்டில் சுற்றினேன். மற்றதைக் குறட்டால் பிடித்து டேர்மினலில் வைத்து அழுத்தினேன். வெளிச்சம் வந்தது.

"எஞ்சின ஸ்டார்ட் பண்ணவா?" என்று நானா ஜன்னலால் கேட்டார். கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்தது, ஆனால் வேன் முழுக்க உதறியது.

"நிப்பாட்டுங்கோ! ஊசி பிடிக்க ஏலாது!"

அணைத்தார். பிறகு சத்தமே இல்லை, மழை மட்டும். என் கை கொஞ்சம் அசைந்தாலும் லைட் கண்ணடித்தது.

"ஆட்டாதையும்."

நான் மூச்சை அடக்கிப் பிடித்தேன். சீட்டுக் குழிக்குள் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் குறட்டை அழுத்தினேன். தோள் மரத்துப்போனது. அந்தக் கையில்தான் அவள் உயிர் இருக்கிறது என்று நான் நினைத்தேன் என்று சொன்னால் பொய். லைட் ஆடக் கூடாது, ஆடக் கூடாது என்பதைத் தவிர ஒன்றும் நினைக்கவில்லை. எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது. கடைசியில் திரைக்குப் பின்னால் டாக்டரம்மா நீளமாக மூச்சு விட்டார்.

"தைச்சாச்சு. ஆனா ரத்தம் கனக்கப் போயிட்டுது. இப்ப ரத்தம் ஏத்த வேணும். மாத்தளைக்கு விடுங்கோ."

வேன் இறக்கத்தைப் பார்த்து நின்றது. சீட்டைத் திரும்பப் போட்டு, செல்லையாவை முன்னால் எனக்கும் நானாவுக்கும் நடுவில் ஏற்றிக்கொண்டோம். தோட்டத்து ஆட்கள் ஒரு தள்ளுத் தள்ளினார்கள். உருண்டு இறங்கும்போது நானா கியரைப் போட்டார். எஞ்சின் பிடித்தது. மண் சரிந்து கிடந்த வளைவுகளில் நானா ஹாரனை அழுத்திக்கொண்டே போனார். செல்லையா இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தான். மிஸி கத்தோலிக்க ஊரான வஹகோட்டையைச் சேர்ந்தவர். பின்னால் அவர் செபம் சொல்லும் முணுமுணுப்பு விடாமல் கேட்டது.

ரத்தோட்டையைத் தாண்டி நல்ல ரோட்டில் ஏறியிருந்தோம். நானா வேகத்தைக் கூட்டினார். அப்போது டாக்டரம்மா திரையை விலக்கி, நானாவின் தோளில் கை வைத்தார்.

"ஜமால்தீன், இனி மெதுவாப் போங்கோ."

நானா காலை எடுத்தார். வேன் மெதுவானது. செல்லையா முகம் மலர்ந்து திரும்பிப் பார்த்தான்.

"கொணமாயிட்டாளாங்க? ஆட்டாமப் போகச் சொல்றீங்களாங்க?"

நானா ரோட்டைப் பார்த்தபடியே அழுதார். அதைப் பார்த்துத்தான் செல்லையாவுக்கு விளங்கியது.

மாதம் ஒன்று போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரியின் காரை அவருடைய டிரைவர் என் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். ஹாரன் அடிக்கவில்லையாம். பொனட்டைத் தூக்கினேன். பேட்டரியின் நடுப் பட்டையில் மூன்று புள்ளி.

ஹாரனைச் சரிசெய்து கொடுத்தேன். கார் போன பிறகு நடந்தே நானா வீட்டுக்குப் போனேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் சட்டையை எடுத்து மாட்டினார்.

"எனக்கிட்ட சொன்னது போதும். டாக்டர்கிட்ட சொல்லு. வா, போவோம்."

டாக்டரம்மா கேள்வி ஒன்றுதான் கேட்டார். "உமக்கு நிச்சயமோ?"

"நான் குத்தின புள்ளிங்க."

குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். செக்ரட்டரியின் வீட்டு போர்டிகோவில் கார் நின்றது. அவர் நல்ல மரியாதைக்காரர், கோயில் காரியங்களில் முன்னிற்பவர். வாங்க டாக்டர் என்று நாற்காலி போட்டார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். டாக்டரம்மா உட்காரவில்லை.

"பொனட்டைத் திறக்கச் சொல்லுங்கோ."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. "அது ஒரு தற்காலிக ஏற்பாடுதான் டாக்டர். சங்க வேலையாக் கண்டிக்கும் கொழும்புக்கும் நான்தானே ஓட வேண்டியிருக்கு. புதுசு வந்ததும் உங்களுக்குத்தான் முதல்ல. அதனால யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஆகியிருக்கு," என்றார் டாக்டரம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "கழட்டும்."

காரின் உடம்புக்குப் போகும் வயரை முதலில் கழற்றினேன், பிறகு மற்றதை. பேட்டரியைத் தூக்கிக்கொண்டு நான் படியிறங்கும்போது, "ஒரு பேட்டரிக்காக வீடு தேடி வந்து இப்படியா?" என்று பின்னால் அவர் சொல்வது கேட்டது. தேத்தண்ணி அப்படியே இருந்தது.

தெருவில் நானா விடவில்லை. "இத இப்படியே விடப்படாது டாக்டர். பொலிசுக்குப் போவோம். நான் சாட்சி சொல்றேன்."

"போகலாம். அதுக்குப் பிறகு வானை நிப்பாட்டிப்போடுவினம். கணக்குப் பாக்கிறம், விசாரிக்கிறம் எண்டு ஒரு வருசம் நிண்டிடும். மேல் டிவிசனில இன்னும் எத்தினை பேர் வயித்தில பிள்ளையோட இருக்கினம் எண்டு நேற்று எண்ணினன் ஜமால்தீன்."

"அப்ப அந்தாளு சும்மா போயிருவானா?"

"போவார்," என்றார். குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அப்படியேதான் நடந்தது. செக்ரட்டரி அந்த நாற்காலியிலேயே பல வருடம் இருந்தார். சங்கத்தின் ஆண்டுக் கூட்டமொன்றில் சேவைக்காக அவருக்கு மாலை போட்டார்கள். டாக்டரம்மா கைதட்டவில்லை, எழுந்து போகவும் இல்லை. நானா வெளியே வேனுக்குள் உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா செய்தது சரியா என்று நானாவும் நானும் பலமுறை வாதாடியிருக்கிறோம். எந்தப் பக்கம் பேசினாலும் பாதியில் நின்றுவிடுவோம்.

அந்த பேட்டரி நன்றாக உழைத்தது. அதன் வெளிச்சத்தில் பிறந்த பிள்ளைகள் உண்டு. பிழைத்த தாய்மாரும் உண்டு.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் மறுபடி அந்த மேல் டிவிசனுக்குப் போனோம். வரிசையின் கடைசியில் செல்லையா நின்றான். கையில் அந்தப் பெண் பிள்ளை. அக்காள்தான் வளர்க்கிறாள் என்றான். இந்தியாவுக்குப் போகக் காகிதம் வந்துவிட்டதாம். பிள்ளைக்குச் சளி, கப்பலுக்கு முன் காட்டிக்கொண்டு போகலாம் என்று வந்தானாம். வானம் இருண்டிருந்ததால் டாக்டரம்மா லைட்டைப் போடச் சொன்னார்.

வெளிச்சம் மேசையில் கொட்டியது. செல்லையா பிள்ளையை வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னைக்கு இது இப்பிடி எரியலையே தாயி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்று நினைத்தேன். டாக்டரம்மா கழுத்தில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இல்லை, செல்லையா. அண்டைக்கு இந்த பேட்டரி இஞ்ச இருக்கேல்லை. சங்கத்தில ஒரு ஆள் தன்ர காருக்கு எடுத்து வச்சிருந்தார். வானில பழுதானதுதான் இருந்தது. அது நடுவில நிண்டிட்டுது. பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. உமக்கு அப்பவே சொல்லியிருக்க வேணும். வான் நிண்டுபோகும் எண்ட பயத்தில சொல்லேல்லை."

அவன் அதை மெல்ல மெல்ல உள்வாங்கியது முகத்தில் தெரிந்தது. வாசலில் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

"லைட் நிக்காம இருந்திருந்தா பொழைச்சிருப்பாளாம்மா?"

"தெரியாது. அவவின்ர உடம்பில ரத்தமே இருக்கேல்லை. தெரிஞ்சிருந்தா ஒளிக்காமச் சொல்லியிருப்பன். உண்மையாத் தெரியாது."

"தெரியாமலே இருக்கட்டும்மா," என்றான் செல்லையா. "தெரிஞ்சா நான் எப்பிடிக் கப்பலேறுவேன்."

பிள்ளையை மேசையில் கிடத்தினான். அது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பி அழத் தொடங்கியது. அவன் தன் உள்ளங்கையை அதன் நெற்றிக்கு மேலே பிடித்து மறைத்தான்.

"புள்ளைக்குக் கண்ணு கூசுதுங்க. அத அணைச்சிருங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் சுவிட்சை அணைத்துவிட்டுப் போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தேன். மழை உள்ளே சாரலடித்தது. அந்த வெளிச்சத்திலேயே அவர் பிள்ளையைப் பார்த்து முடித்தார்.